தலை இருக்கும்வரை தோள் எழும்பாது: கலத்துக்குள் ஜீன்கள் அடங்குவதும் அவிழ்வதும்

தேயிலைக் கொழுந்து பறிக்கும் கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நகத்தால் கிள்ளுவதில்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தண்டைப் பிடித்து, லேசாக மடக்கி, ஒரு சொடுக்கு. இரண்டு இலையும் மொட்டும் உள்ளங்கைக்குள் போய்விடும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் முதுகிலுள்ள கூடைக்குள் விழும். காலைப் பனியில் ஆள் தெரியாது, சொடுக்குச் சத்தம் மட்டும் கேட்கும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெரியம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. அப்படி ஒரு நாள் கேட்டேன், "ஏன் பெரியம்மா, கிள்ளக் கிள்ள எப்படித் திரும்ப வருது?" கையை நிறுத்தாமலே சொன்னார்: "தலை இருக்கிற வரைக்கும் தோளு எழும்பாது தம்பி. தலையை எடுத்தாத்தான் பக்கத்துல உள்ளது எழும்பும்."

உயர்தரத்தில் உயிரியல் படித்தபோது இதற்கு 'உச்சி ஆட்சி' என்று பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்ததே தவிர காரணம் விளங்கவில்லை. பக்க மொட்டு நேற்று முளைத்ததல்ல. இலைக் கக்கத்தில் வாரக்கணக்காக அது உட்கார்ந்திருந்தது. தண்ணீரும் பசளையும் வெயிலும் முன்பும் இருந்தன. அப்படியிருந்தும் எழும்பவில்லை. மேலே ஒரு சொடுக்கு விழுந்ததும் எழும்புகிறது. அப்படியென்றால் அது வளரத் தெரியாமல் இருக்கவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருந்தது. யார் அடக்கினார்கள், எதை அடக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் மொட்டின் கலத்துக்குள், அந்தக் கலத்தின் கருவுக்குள், அங்கே சுருண்டு கிடக்கும் டிஎன்ஏ வரைக்கும் போக வேண்டிவரும்.

(சொல் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் இலங்கைப் பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு, நிறமூர்த்தம், கலம், நொதியம் என்று இருக்கும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் மரபணு, குரோமோசோம், செல், நொதி. நான் கலம் என்றும் நொதியம் என்றும் எழுதுகிறேன். பரம்பரையலகு மட்டும் வாய்க்கு நீளம், அதனால் ஜீன்.)

ஒரே எழுத்து, வேறு வேறு வாசிப்பு

தவறணையில் நாற்று வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அடுத்து வருவது எளிது. ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் அதன் கணுவுமாக வெட்டி, சின்னப் பொலித்தீன் பையில் நட்டு, நிழல் கொடுத்து வேர் விடவைக்கிறோம். அதுதான் வீபி தேயிலை. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வகைகளெல்லாம் இப்படித்தான் மலை மலையாகப் பரவின. ஒரு மலையில் ஒரே வகையை நட்டிருந்தால் அங்குள்ள அத்தனை செடிக்கும் ஒரே டிஎன்ஏ. அத்தனை செடி மட்டுமில்லை, ஒவ்வொரு செடியின் வேருக்கும் இலைக்கும் பூவுக்கும் கூட அதே டிஎன்ஏதான்.

2017இல் சீனாவின் யுனான் பகுதித் தேயிலை வகை ஒன்றின் டிஎன்ஏயை வாசித்து வெளியிட்டார்கள். ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள் (டிஎன்ஏ எழுதப்பட்டிருப்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலு இரசாயன எழுத்துகளில்), மனிதனுடையதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். புரதம் செய்யும் ஜீன்கள் 37,000 அளவில். மனிதனுக்கு 20,000 அளவில். ஜீன் எண்ணிக்கையை வைத்துப் பெருமை பேசுபவர்கள் தேயிலைச் செடியிடம் தோற்றுப்போவார்கள்.

தேத்தண்ணிக்கு ஒருவகை இதமான சுவை தருவது தியனின் என்ற அமினோ அமிலம். அதில் பெரும்பங்கு வேரில் செய்யப்பட்டு மேலே ஏறுகிறது. நித்திரையைக் கலைக்கும் கஃபீனோ இளங்கொழுந்தில்தான் மும்முரமாகத் தயாராகிறது. கஃபீன் செய்யும் நொதியத்தின் ஜீன் வேர்க்கலத்திலும் இருக்கிறது, ஆனால் அங்கே பெரும்பாலும் மூடிக்கிடக்கிறது. ஆகவே வேர் வேராக இருப்பது எந்த ஜீன் இருக்கிறது என்பதால் அல்ல, எந்த ஜீன் பேசுகிறது, எவ்வளவு பேசுகிறது, எப்போது வாயை மூடுகிறது என்பதால். ஜீன் பேசுவதைத்தான் 'ஜீன் வெளிப்பாடு' என்கிறோம். டிஎன்ஏயில் ஒரு பகுதி ஆர்என்ஏயாகப் பிரதியெடுக்கப்பட்டு, அந்தப் பிரதியை வைத்துப் புரதம் செய்யப்படுவது அது.

இதை முதலில் ஒழுங்காகப் பிடித்தது பக்டீரியாவில். 1961இல் பிரான்சின் ஃபிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மோனோவும் ஈ. கோலை பக்டீரியாவில் பாற்சீனியைச் செரிக்கும் ஜீன்கள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று விளக்கினார்கள். டிஎன்ஏயில் ஒரு தடுப்புப் புரதம் உட்கார்ந்திருக்கும். பாற்சீனி வந்தால் அது விலகும், ஜீன் ஓடும். நாலு வருடத்தில் நோபல் பரிசும் கிடைத்தது. அழகான கதைதான், ஆனால் அதை அப்படியே தேயிலைக்கும் மனிதனுக்கும் பொருத்திச் சொல்லிக்கொடுக்கும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. பக்டீரியாவில் டிஎன்ஏ பொதுவாகத் திறந்தே கிடக்கிறது, மூட வேண்டியதை மூடினால் போதும். கரு உள்ள கலங்களில், அதாவது செடி, விலங்கு, பூஞ்சணம், மதுவம் எல்லாவற்றிலும், கதை தலைகீழ். அங்கே மூடியிருப்பதுதான் இயல்பு நிலை. ஒரு ஜீனைத் திறக்கவேண்டுமானால் ஒன்றன் பின் ஒன்றாகப் பல தடைகளை எடுக்கவேண்டும்.

ட்ரங்குப் பெட்டிச் சேலை

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அலுமாரி வைக்க இடமில்லை. அம்மாவின் கூறைச் சேலை ட்ரங்குப் பெட்டியின் அடியில், மடித்து, அதற்கு மேல் இன்னும் நாலு சேலை, அதற்கு மேல் பிறப்புச் சான்றிதழ்கள் உள்ள உறை. சேலை இருக்கிறது. ஆனால் திடீரென்று எடுத்து உடுத்த முடியாது.

நம் ஒரு கலத்திலுள்ள டிஎன்ஏயை நீட்டினால் 2 மீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் கருவின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே சுற்றித்தான் வைக்கவேண்டும். ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்து ஒரு சின்ன நூற்பந்து மாதிரி நிற்க, அதைச் சுற்றி டிஎன்ஏயின் 147 எழுத்துச் சோடிகள் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் சுற்று சுற்றியிருக்கும். அடுத்து கொஞ்சம் நூல், பிறகு அடுத்த பந்து. இப்படிக் கோடிக்கணக்கில். இந்தச் சுருள் இறுகியிருக்கும் இடத்தில் வாசிக்கவேண்டிய நொதியம் கிட்டவே வரமுடியாது.

ஹிஸ்டோன்களுக்கு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உண்டு. அதில் நேர்மின்னேற்றம் இருப்பதால் எதிர்மின்னேற்றமுள்ள டிஎன்ஏயை இறுக்கிப் பிடிக்கும். அந்த வாலில் அசற்றைல் என்ற சின்ன அணுக்கூட்டத்தை ஒரு நொதியம் ஒட்டிவிட்டால் ஏற்றம் குறைந்து பிடி தளரும். இன்னொரு நொதியம் அதைக் கழற்றிவிட்டால் திரும்ப இறுகும். ஒட்டுவதும் கழற்றுவதும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும் வேலை.

இன்னொரு முறை டிஎன்ஏயின் சி எழுத்தின் மேலேயே மெதயில் கூட்டம் ஒன்றை வைப்பது. இது பெரும்பாலும் 'இங்கே வாசிக்காதே' என்ற அடையாளம். கலம் இரண்டாகப் பிரியும்போது இந்த அடையாளமும் பிரதியாகி இரண்டிலும் போகும். ஈரல் கலம் பிரிந்தால் ஈரல் கலமே வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். லயத்துக் கோடியில் திரியும் மூன்று நிறப் பூனையைப் பாருங்கள். கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத் திட்டாக இருந்தால் அது ஏறக்குறைய நிச்சயமாகப் பெட்டை. பெட்டைக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம், இந்தப் பூனையில் ஒன்றில் கறுப்புக்கான ஜீன், மற்றதில் செம்மஞ்சளுக்கானது. தாய் வயிற்றில் இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் இரண்டில் ஒன்றை முழுசாக மூடிவிடுகிறது. எதை மூடுவது என்பது சீட்டுக்குலுக்கல் மாதிரி. கறுப்பு எக்ஸை மூடிய கலத்தின் பிள்ளைகள் செம்மஞ்சள் திட்டு, மற்றது கறுப்புத் திட்டு. 1961இல் மேரி லயன் இதைச் சொன்னார். தோலின் மேலேயே ஜீன் மூடப்பட்ட வரைபடத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறது பூனை.

இந்த மெதயில் அடையாளங்கள் வாழ்க்கைச் சூழலாலும் மாறும். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் ஹொலந்தில் கடும் பஞ்சம் வந்தது. கருத்தரித்த காலத்தில் அந்தப் பஞ்சத்தில் அகப்பட்டவர்களை அறுபது வருடம் கழித்து ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு ஜீனில், பஞ்சம் படாத கூடப்பிறந்தவர்களைவிட மெதயில் அடையாளம் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2008இல் வெளியான ஆய்வு அது. எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் இப்போது இதை எடுத்து, 'தோட்டத்துப் பிள்ளைகளின் உயரக்குறைவு ஜீனிலேயே பதிந்துவிட்டது' என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு இதில் கோபம் வரும். 2016 குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் 17 வீதம். இதற்குச் சாப்பாடு, குடிதண்ணி, தாயின் உடல்நிலை, நாட்சம்பளம் என்று கண்முன்னே நிற்கும் காரணங்கள் இருக்கும்போது, மெதயில் கூட்டத்தின் மேல் பழியைப் போடுவது வசதியான தப்பித்தல். அந்த அடையாளங்களில் பலது கழற்றக்கூடியது என்பதையும் இவர்கள் சொல்வதில்லை.

தூரத்திலிருந்து வரும் கட்டளை

சரி, சுருள் தளர்ந்துவிட்டது. இனி வாசிக்க ஆள் வரவேண்டும். ஜீனுக்குச் சற்று முன்னால் ஒரு தொடக்க மேடை இருக்கும். ஆர்என்ஏ பொலிமரேசு என்ற நொதியம் அங்கே ஏறித்தான் பிரதியெடுக்கத் தொடங்கவேண்டும். ஆனால் கரு உள்ள கலங்களில் அது தானாக ஏறாது. முதலில் ஒரு கூட்டம் புரதங்கள் வந்து மேடை போடவேண்டும். அதற்கும் மேலே, எந்த ஜீனை எந்தக் கலத்தில் தொடங்குவது என்று முடிவுசெய்யும் கட்டுப்பாட்டுப் புரதங்கள் இருக்கின்றன. மனிதனில் இவை ஏறக்குறைய 1,600 வகை. டிஎன்ஏயில் ஆறு முதல் பன்னிரண்டு எழுத்து நீளமான குறிப்பிட்ட சொற்களைத் தேடிப் பிடித்து உட்காரும்.

காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஒருவர் சொல்வதால் மட்டும் வேலை தொடங்குவதில்லை. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஆட்கள் மலைக்குப் போவார்கள். இங்கேயும் அப்படித்தான். ஒரு ஜீன் திறக்க நாலைந்து புரதங்கள் ஒரே நேரத்தில் ஒத்துவரவேண்டும். அந்தச் சேர்க்கை ஈரலில் ஒருவிதம், மூளையில் இன்னொருவிதம். ஆயிரத்துச் சொச்சம் புரதங்களைக் கொண்டு இத்தனை வகைக் கலங்களை நடத்த முடிவது இப்படிக் கூட்டுச் சேர்வதால்தான்.

இந்தப் புரதங்கள் உட்காரும் இடம் ஜீனுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றில்லை என்பதுதான் முதன்முதலில் தெரியவந்தபோது எல்லோரையும் திகைக்கவைத்தது. கட்டைவிரல் பக்கத்தில் ஆறாவது விரலோடு பிறந்த பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். அதிர்ஷ்டம் என்பார்கள் சிலர், சிலர் பிறந்ததுமே நூல் கட்டிவிடுவார்கள். இப்படிப் பிறந்த சில குடும்பங்களை ஆராய்ந்தபோது பிழை கிடைத்த இடம், கைகால் உருவாவதை நடத்தும் ஒரு ஜீனிலிருந்து ஏறக்குறைய 10 இலட்சம் எழுத்து தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு ஜீனின் வயிற்றுக்குள். விரல் ஜீனில் ஒரு எழுத்தும் பிசகவில்லை. அதைத் தூண்டிவிடும் தூரத்துத் துண்டில் ஒரே ஓர் எழுத்து மாறியதால், தாய் வயிற்றில் உருவாகும் கையின் கட்டைவிரல் பக்கத்தில், ஓடக்கூடாத இடத்தில் ஜீன் ஓடிவிட்டது. விரல் ஒன்று கூடிவிட்டது.

10 இலட்சம் எழுத்துக்கு அப்பாலிருந்து எப்படிக் கட்டளை வரும்? டிஎன்ஏ மடியும். கொழும்பிலிருந்து பதுளைக்கு ரயிலில் நாளெல்லாம் ஆகும், ஆனால் வரைபடத்தாளை மடித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்படித்தான் தூரத்துத் துண்டு வளைந்துவந்து தொடக்க மேடையைத் தொடுகிறது. 2016இல் எலியின் இந்தத் துண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் மலைப்பாம்பினுடையதை வைத்துப் பார்த்தார்கள். பிறந்த எலிக்குட்டிகளுக்குக் கால்கள் குட்டையாகித் தேய்ந்திருந்தன. காலுக்கான ஜீன் பாம்பிலும் இருக்கிறது. அதைக் கைகால் இடத்தில் எழுப்பும் துண்டுதான் தேய்ந்துபோனது.

மொட்டுக்குத் திரும்புவோம்

இப்போது பெரியம்மாவின் 'தலை'யைப் பார்க்கலாம். கொழுந்து நுனி ஓக்சின் என்ற ஓமோனைச் செய்து தண்டின் வழியே கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஓக்சின் கலத்துக்குள் எப்படி வேலைசெய்கிறது என்பது நீண்டகாலம் புதிராக இருந்து, 2005இல் அவிழ்ந்தது. அமெரிக்காவில் மார்க் எஸ்டெல் குழு வெளியிட்ட அந்தக் கட்டுரையின் முதல் பெயர் நிஹால் தர்மசிறி. அதே இதழில் இன்னொரு குழுவும் அதையே சொன்னது. ஓக்சின் எந்த ஜீனையும் நேரே தொடுவதில்லை. ஓக்சினுக்குப் பதில் சொல்லவேண்டிய ஜீன்களின் மேல் எப்போதும் தடுப்புப் புரதங்கள் படுத்துக்கிடக்கும். ஓக்சின் வந்து, கலத்தின் குப்பை அகற்றும் இயந்திரத்தையும் அந்தத் தடுப்புப் புரதத்தையும் பசை மாதிரி ஒட்டவைக்கிறது. தடுப்பு அரைபடுகிறது, ஜீன் விடுபடுகிறது. தள்ளிவிடுவது அல்ல, பிடித்திருப்பவனை அகற்றுவது. கரு உள்ள கலங்களில் திரும்பத் திரும்ப இதைப் பார்க்கலாம்.

பட்டாணி, அரபிடோப்சிஸ் போன்ற செடிகளில் மொட்டின் கதையை நன்றாகப் படித்திருக்கிறார்கள். தண்டில் ஓக்சின் ஓடும்வரை, அங்கே சைற்றோக்கைனின் என்ற இன்னோர் ஓமோனைச் செய்யும் ஜீன்கள் அடங்கியிருக்கின்றன. பக்க மொட்டுக்குள்ளோ ஒரு கட்டுப்பாட்டு ஜீன் ஓடிக்கொண்டிருக்கும். அதன் வேலையே 'எழும்பாதே' என்று சொல்வது. நுனி போனதும் ஓக்சின் ஓட்டம் குறைகிறது. சைற்றோக்கைனின் கூடுகிறது. அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சீனியும் பக்க மொட்டுக்குத் திரும்புகிறது. 2014இல் பட்டாணியில் செய்த ஆய்வில், ஓக்சின் குறைவது மொட்டை எட்டுவதற்கு முன்பே சீனி எட்டிவிடுகிறது என்றும், முதல் விழிப்பு அதனால்தான் என்றும் காட்டினார்கள். 'எழும்பாதே' ஜீன் தணிய, கலம் பிரிவதற்கான ஜீன்கள் அவிழ்கின்றன. ஏழெட்டு நாளில் அடுத்த சுற்றுக்குக் கூடைக்காரி வரும்போது அந்த மலையில் எடுக்கக் கொழுந்து இருக்கும்.

நாட்பேரும் கிலோவும் கணக்கில் ஏறுகின்றன. ஒரு நாளில் பல ஆயிரம் மொட்டுகளின் ஜீன்களை ஒருவர் விரலால் அவிழ்த்துவிடுகிறார் என்பதற்குத் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் பத்தி கிடையாது.

வெட்டி ஒட்டும் இடத்தில் ஒரு பிழை

பிரதியெடுத்தாகிவிட்டது என்றால் வேலை முடிந்தது என்று நினைக்கவேண்டாம். கருவிலிருந்து வெளியே போவதற்குமுன் அந்த ஆர்என்ஏயை வெட்டி ஒட்டவேண்டும். நம் ஜீன்களில் தேவையான பகுதிகளுக்கு நடுநடுவே தேவையற்றவை போலத் தெரியும் நீண்ட பகுதிகள் உண்டு. 1977இல் ஃபிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ரொபர்ட்ஸ் குழுவும் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். நடுப்பகுதிகளை வெட்டியெறிந்து மற்றவற்றை ஒட்டினால்தான் பிரதி செல்லும். எந்தத் துண்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதைக் கலத்துக்குக் கலம் மாற்றலாம். மனிதனின் பெரும்பாலான ஜீன்கள் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட புரதங்களைத் தருகின்றன.

வெட்டும் இடம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையில் தூரம் போகவேண்டியதில்லை. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உள்ள பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை இரத்தம் ஏற்றவேண்டும், உடலில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். இந்த நோயில் நம் நாட்டில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை, ஹீமோகுளோபினின் பீட்டா ஜீனில் உள்ள முதல் நடுப்பகுதியின் ஐந்தாவது எழுத்து. ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி. அந்த எழுத்து புரதத்துக்குள் போவதே இல்லை, வெட்டியெறியப்படும் பகுதியில்தான் இருக்கிறது. ஆனால் 'இங்கே வெட்டு' என்ற அடையாளத்தின் ஓரம் அது. அடையாளம் மங்கியதும் கத்தரிக்கோல் வேறு இடங்களில் விழுகிறது. சரியான பிரதி கொஞ்சம்தான் மிஞ்சுகிறது.

இதற்கு ஒரு புது வழியும் ஜீன் கட்டுப்பாட்டிலிருந்தே வந்தது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு, அது வேறு ஜீனிலிருந்து வருவது. பிறந்து சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற புரதம் அந்த ஜீனை மூடிவிடுகிறது. அந்த மூடியைத் திறந்துவிட்டால்? பிசிஎல்11ஏ மற்றக் கலங்களுக்கும் தேவை, அதன் ஜீனையே அழிக்க முடியாது. ஆனால் இரத்தச் செங்கலங்களை உருவாக்கும் கலங்களில் மட்டும் அதைத் தூண்டும் ஒரு துண்டு இருக்கிறது, ஆறாவது விரல் கதையில் பார்த்த மாதிரி. டிஎன்ஏயைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் முறையில் அதை வெட்டினார்கள். செங்கலத்தில் மட்டும் தடுப்பவன் சோர்ந்துபோக, வயிற்றில் இருந்தபோதிருந்த ஹீமோகுளோபின் திரும்ப வருகிறது. 2023 நவம்பரில் பிரித்தானியா இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். மாதாமாதம் பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகும் தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரொட்டியும் சாயத்தண்ணியும்

வெளியே போன பிரதிக்கும் நிம்மதி இல்லை. சில பிரதிகள் சில நிமிடங்களில் சிதைக்கப்படும், சில ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும். ஏறக்குறைய 22 எழுத்து நீளமான குட்டி ஆர்என்ஏக்கள் பிரதிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை வாயடைக்கும். 1993இல் ஒரு சின்னப் புழுவில் இவற்றைக் கண்டதற்காக விக்டர் அம்ப்ரோசுக்கும் கேரி ருவ்கனுக்கும் 2024இல் நோபல் கிடைத்தது.

என்னைக் கேட்டால் இந்தக் கட்டத்தில் எல்லாவற்றையும் விட அழகானது இரும்புச்சத்தின் கணக்கு. காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாகச் சாப்பிடுகிறோம். தேயிலையிலுள்ள பொலிபீனோல்கள் மாவிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்வதால் அதில் நல்ல பங்கு குடலில் உறிஞ்சப்படாமலே போய்விடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள் என்று கிளினிக்கில் சொல்வது இதனால்தான். (கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம் எங்கே என்பது வேறு கேள்வி.)

கலத்துக்குள் இரும்பு குறையும்போது இரண்டு காரியம் நடக்கவேண்டும். இரும்பைச் சேமிக்கும் பெரிட்டின் புரதம் குறையவேண்டும், இல்லாத சாமானுக்கு எதற்குக் களஞ்சியம்? வெளியிலிருந்து இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பி கூடவேண்டும். இரண்டையும் ஒரே வகைப் புரதம் செய்கிறது. இரும்பு இல்லாதபோது அது பெரிட்டின் பிரதியின் முன்பக்கத்தில் உள்ள ஒரு வளையத்தில் போய் உட்காரும். பிரதியை வாசித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் ஏறமுடியாது, பெரிட்டின் வராது. ஏற்பியின் பிரதியில் அதே மாதிரி வளையங்கள் பின்பக்கத்தில். அங்கே உட்கார்ந்தால் பிரதி சிதையாமல் பாதுகாக்கப்படும், ஏற்பி கூடும். முன்னால் உட்கார்ந்தால் தடை, பின்னால் உட்கார்ந்தால் காவல். இரும்பு திரும்பக் கிடைத்ததும் புரதம் இரண்டையும் விட்டு விலகிவிடும். அந்த வகைப் புரதங்களில் ஒன்று இரும்பைத் தன்னுள்ளேயே வாங்கிக்கொண்டு வேறொரு நொதியமாக மாறி வேலை செய்யத் தொடங்குகிறது. புது ஜீன் திறக்கவேண்டியதில்லை, கருவைக் கேட்கவேண்டியதில்லை. ஏற்கனவே கையிலிருக்கும் பிரதிகளிலேயே சமாளித்துவிடுகிறது கலம்.

வாட்டும் மேடையில்

அந்திக்கு லொறியில் கொழுந்து பெக்டரிக்கு வந்துசேரும். மேல்மாடியில் வலை விரித்த நீண்ட மேடைகளில் பரப்பி அடியிலிருந்து காற்றை விடுவார்கள். பன்னிரண்டு, பதினைந்து மணித்தியாலம் கிடக்கும். பறித்துப் பாதி நாளாகிவிட்ட இந்த இலைகள் செத்துவிட்டன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. கலங்கள் சுவாசிக்கின்றன, மேடையில் கை வைத்தால் சூடு தெரியும். தண்ணீர் வற்ற வற்ற, வரட்சிக்குப் பதில் சொல்லும் ஜீன்கள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. காயத்துக்குப் பதில் சொல்லும் ஜீன்களும் அப்படியே. கொழுப்பமிலங்களை உடைத்துப் பச்சை மணம் தரும் சேர்வைகளைச் செய்யும் நொதியங்கள் கூடுகின்றன. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது, நமக்கு அது வாசம்.

ஊவாப் பக்கத்தில் ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது இந்த நெருக்கடி செடியில் இருக்கும்போதே தொடங்கிவிடும். ஊவாத் தேயிலையின் அந்தத் தனி மணத்தில் முக்கியமான ஒன்று மெதயில் சலிசிலேற்று. மூட்டுவலித் தைலப் போத்தலைத் திறந்தால் வருமே, அதே பொருள். தன்னிடமுள்ள சலிசிலிக்கமிலத்துக்கு மெதயில் கூட்டம் ஒட்டும் ஒரு நொதியத்தால் செடி அதைச் செய்கிறது. அந்த நொதியத்துக்கும் ஒரு ஜீன், அந்த ஜீனுக்கும் ஒரு தொடக்க மேடை. பதுளையில் அந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே துணி காயப்போடுவார்கள், கொழும்பு ஏலத்தில் அதே வாரங்களின் தேயிலைக்குத்தான் தனி மவுசு.

காலையில் வாட்டிய இலை உருட்டும் இயந்திரத்துக்குள் போகும். அங்கே கலச்சுவர்கள் நொறுங்கி, தனித்தனி அறைகளில் இருந்த நொதியமும் பொலிபீனோலும் கலந்து இலை செம்பு நிறமாகும். கருவும் அங்கேயே நசுங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த ஜீனும் வாசிக்கப்படுவதில்லை. முன்பே செய்துவைக்கப்பட்ட நொதியங்கள் மட்டும் இரண்டு மூன்று மணித்தியாலம் வேலை செய்துகொண்டிருக்கும், போறணையின் சூடு பட்டு அவையும் நிற்கும்வரை. அந்த நேரத்தில் மேலே மலையில், நேற்றுக் கிள்ளிய இடத்துக்குக் கீழே உள்ள மொட்டுக்குச் சீனி ஏறத் தொடங்கியிருக்கும்.